சிறு உழவரின் வாக்குக்கு மதிப்பு உண்டு

2024 மக்களவைத் தேர்தலில் நாமக்கல் தொகுதியில் வென்றவர் பெற்றவை சுமார் 4 இலட்சத்து 62 ஆயிரம் வாக்குகள். பதிவானவற்றில் இது பாதிக்கும் குறைவு. பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. மற்றவர்களைவிட அதிகம் பெற்றால் போதும் என்பதே நமது தேர்தல் முறை.

இதனால் சில முரண்கள் ஏற்படுகின்றன. 2014இல் தி.மு.க. நூற்றுக்கு 23 வாக்குகளுக்கு மேல் பெற்றும் தமிழகத்தின் 39 இடங்களில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2024இல் நூற்றுக்கு 20 வாக்குகள் பெற்ற அ.தி.மு.க.வுக்கும் அதே நிலைதான். இலங்கையில் 1989 முதல் வாக்கு விகிதப்படி இடங்கள் பங்கிடப்படுகின்றன. இங்கும் ஒரு பகுதி இடங்களையாவது அவ்வாறு நிரப்புவதே நியாயம் என்பது என் கருத்து.

அதுவரை உழவர் பெருமக்கள் சோர்வடைய வேண்டியதில்லை. நாமக்கல்லில் வாக்கு வித்தியாசம் 29 ஆயிரம். வென்றவருக்கு வாக்களித்தவர்களில் 15 ஆயிரம் பேர் அடுத்தவருக்கு வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும். மரவள்ளிக் கிழங்குக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்போர் கட்சிவாரியாகப் பிரிந்து நின்றால் பயனில்லை. தேர்தலுக்கு முன்பே ஊர் கூடி, கோரிக்கைகளை ஒரே மனுவாக எழுதி, எல்லா வேட்பாளர்களிடமும் கொடுங்கள். வென்றவர் யாராயினும், தமக்கு வாக்களிக்காதவர்களுக்கும் அவரே உறுப்பினர். அந்த மனுவுடன் அவரைச் சென்று பாருங்கள்.