மாத்திரை கொடுத்தாச்சு... அப்புறம்?

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று, "டிரக்கோமா தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "மெட்ராஸ் ஐ மாதிரியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். இல்லை. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. சில நாள் படுத்திவிட்டுத் தானாகவே போய்விடும். டிரக்கோமா, கிளமிடியா என்ற பாக்டீரியா செய்கிற வேலை. குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்பத் தொற்றி, இமையின் உட்புறம் தழும்பாகும். பல வருஷம் கழித்து இமை உள்ளே மடங்கி, முடி கருவிழியை உரசி உரசிப் பார்வையையே பறித்துவிடும்.

1971-ல் நம் நாட்டில் பார்வையிழப்பில் 5 சதவிகிதத்துக்கு இந்த நோய்தான் காரணம். 2024 அக்டோபரில், இந்தியாவில் இது ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்னையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. சந்தோஷம்தான். "அதான் ஒழிஞ்சு போச்சே, இனிமே எதுக்குப் பரிசோதனை?" என்று கேட்பவர்கள், கார் நிக்கோபார் தீவின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே 2010-ல் பரிசோதித்தபோது, 1 முதல் 9 வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த நோய். நோயுள்ளவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால், பக்கத்து வீட்டிலிருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் ஊர் முழுவதற்கும் அஸித்ரோமைசின், வருஷத்துக்கு ஒரு வேளை, மூன்று வருஷம் கொடுத்தார்கள். 2013-ல் மறுபடி பார்த்தபோது, சுமார் 7 சதவிகிதம். பெரிய வெற்றி! ஆனால், பாதுகாப்பு எல்லை 5 சதவிகிதத்துக்கும் கீழே. எண்ணிப் பார்த்ததால்தானே வேலை பாக்கி இருப்பது தெரிந்தது?

அதனால்தான் விதிமுறையும் கறாராக இருக்கிறது. கடைசித் தவணை கொடுத்து ஆறு மாதமாவது கழித்து, குழந்தைகளின் மேல் இமையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எல்லைக்குக் கீழே வந்தால் மருந்தை நிறுத்தலாம். மருந்தே இல்லாமல் இரண்டு வருஷமாவது போன பிறகு இன்னொரு கணக்கு. இந்த இரண்டாவது கணக்குதான் உண்மையான பரீட்சை என்பேன். மருந்தின் துணை இல்லாமல் ஊர் தாக்குப்பிடிக்கிறதா என்று அதுதான் சொல்லும். செலவைக் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போடுவது, கொடுத்த மருந்தையே வீணாக்குவதற்குச் சமம்.

ஒழிந்தது என்றால், ஒருவருக்குக்கூட இல்லை என்று அர்த்தமில்லை. சிறு வயதில் வந்த தழும்பு, முதுமையில் தலைகாட்டும். அதுவும் பெண்களுக்கே அதிகம். குழந்தைகளோடு எந்நேரமும் இருப்பவர்கள் அவர்கள்தானே! வீட்டுப் பாட்டி, "கண்ணுல முடி குத்துது" என்று அடிக்கடி முடியைப் பிடுங்குகிறாரா? வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இமையைச் சரிசெய்ய ஆபரேஷன் இருக்கிறது.

குழந்தைகளுக்கு முகம் கழுவும் பழக்கமும் தனித் துண்டும் வேண்டும். ஒரே மைக்குச்சியை எல்லோர் கண்ணுக்கும் இழுக்காதீர்கள். கண் சிவந்ததும் மருந்துக் கடையில் நீங்களாகவே அஸித்ரோமைசின் கேட்டு வாங்காதீர்கள்.

நோய் போன பிறகும் வாசலில் ஒரு காவல் இருக்கட்டும்!