காந்தம் அங்கே, தோரியம் இங்கே

நூல் வெளியீடு முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். அரிய மண் தனிமங்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அது இன்ஜினியருங்க விஷயம் லா, இலக்கியத்துக்கு எதுக்கு?" என்றார் ஒரு நண்பர். அவர் பையில் போன் அதிர்ந்தது. அதிரச் செய்தது கடுகளவு நியோடிமியக் காந்தம்.

நான் மோட்டார்களோடு வேலை செய்பவன். நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம் 1980களின் தொடக்கத்தில் வந்தது. அது இல்லாவிட்டால் மின்கார் மோட்டார் இவ்வளவு சிறியதாக, இவ்வளவு வலுவாக இருக்காது. சூட்டில் காந்தத்தன்மை போகாமலிருக்க டிஸ்ப்ரோசியம் சேர்ப்பார்கள். 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம் உட்பட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், வெளிநாடுகளில் சில கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது.

பெயரில்தான் அரிது. சீரியம் பூமியில் ஏறக்குறைய செம்பளவுக்குக் கிடக்கிறது. கஷ்டம் பிரிப்பதில். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இவற்றை அமிலத்தில் கரைத்து, நூற்றுக்கணக்கான படிகளில் பிரிக்க வேண்டும். மோனசைட் தாது என்றால் தோரியமும் கூடவே வரும். அதை யார் வீட்டருகே பிரிப்பது என்பதுதான் கேள்வி.

பேராக்குக்கு அந்தக் கேள்வி பழையது. ஈய லம்பத்தில் ஈயம் எடுத்தபின் மிஞ்சும் ஆமாங் மணலில் மோனசைட் உண்டு. அதைப் பிரிக்க ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982இல் ஏசியன் ரேர் எர்த் ஆலை வந்தது. பாப்பானில் கழிவுக் கிடங்கு என்றதும் 1984இல் அவ்வூர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1985இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994இல் நிறுவனமே மூடுவதாக அறிவித்தது.

நான்கு வருஷம் பொறியியல் படித்தேன். காந்தத்தின் ஹிஸ்டெரிசிஸ் வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். புக்கிட் மேரா என்ற பெயரை எனக்குச் சொன்னது ஈப்போவிலிருக்கும் பாட்டிதான். "கோர்ட்டுல தோத்தாங்கய்யா, ஆனா ஆலை போயிருச்சு."

இப்போது குவாந்தானுக்குப் பக்கத்தில் கெபெங். ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில் தோண்டிய தாதுவை லைனஸ் 2012 முதல் அங்கே பிரிக்கிறது; 2025இல் டிஸ்ப்ரோசியமும் வந்துவிட்டது. பிரித்த ஆக்சைடு காந்தமாவதற்குக் கப்பலேறுகிறது. தோரியம் கலந்த கழிவு இங்கே தங்குகிறது. தோரியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1400 கோடி ஆண்டு. எந்த அமைச்சரின் தவணையும் அதற்குப் போதாது.

ஆலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போன் வேணும், மின்கார் வேணும், ஆலை மட்டும் அடுத்தவன் ஊரில் இருக்கட்டும் என்பது அயோக்கியத்தனம். ஆனால் 'முக்கியக் கனிமம்' என்று மார்தட்டும்போது யாருக்கு முக்கியம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கழிவு எங்கே போகும் என்பதை அடிக்கல் நாட்டும் முன்பே ஊருக்குச் சொல்லுங்கள். கச்சா அரிய மண் ஏற்றுமதிக்குத் தடை போட்டது சரி; ஆக்சைடோடு நின்றுவிடாமல் காந்தத்தையும் இங்கேயே செய்யுங்கள். குப்பை நமக்கு, கூலி நமக்கு, லாபம் மட்டும் அடுத்தவனுக்கு என்ற கணக்கு ரப்பர் காலத்திலேயே நம் தாத்தாக்களுக்குத் தெரியும்.

அந்தக் கணக்கை எழுதி எழுதித்தான் தோட்டத்தை நினைவில் நிறுத்தினோம். லம்பத்து மணலை மட்டும் இன்ஜினியர்களிடம் விட்டுவிடலாமா? எங்கள் பாடப்புத்தகத்தில் புக்கிட் மேரா இல்லை. உங்கள் கதைகளிலும் இல்லாமல் போனால், பாட்டிக்குப் பிறகு அதைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.