ஊர் நினைவை ஆராயக்கூடாதா?

வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஊரை நினைவூட்டுவது எது? இட்லி, பொங்கல், சினிமாப் பாட்டு என்கிறார்கள். வத்தலக்குண்டுப் பக்கம் சேரிகளில் வேலை செய்யும் நாங்கள் இன்னொன்றையும் சேர்க்கிறோம்: "ஊர்ல எந்தத் தெரு?" என்ற கேள்வி. அது கடல் தாண்டியும் வருகிறது. வராமலா 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும் 2022இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன?

பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போன அண்ணல் அம்பேத்கர், 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரை இந்தியச் சாதிகளைப் பற்றியது.

இன்று அப்படி எழுத நினைக்கும் பட்டியல் சாதி மாணவருக்கு ஒன்றிய அரசு கதவைச் சாத்திவிட்டது. தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் 2022இல் ஒரு நிபந்தனை நுழைந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு அந்தப் பணம் கிடையாது. அதையெல்லாம் இங்கேயே படிக்கலாமாம்.

இந்தியாவைப் பற்றி அங்கே யார் யாரோ ஆய்வு செய்கிறார்கள். சேரியிலிருந்து போகிறவர் மட்டும் செய்யக்கூடாதா? ஊரைச் சுமந்து போ, அதைப் பற்றி எழுதாதே என்பது என்ன நியாயம்?

தோழர்களே, உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். கூடவே இந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி சமூகநீதி அமைச்சகத்துக்கும் உங்கள் தொகுதி எம்.பி.க்கும் மனு அனுப்புங்கள்.