சைக்கிளுக்கும் வழி வேண்டும்: கல்முனை – அக்கரைப்பற்று வர்த்தகர்களுக்கு ஒரு யோசனை

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது நம்மவர்கள் மூலையில் கிடந்த சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தார்கள். அந்த ஜூலையில் கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் எனக்கு அது நல்ல வியாபாரம். இதை எழுதுவதில் எனக்கும் ஆதாயம் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் பலர் சைக்கிளை மறுபடியும் மூலையில் சாத்திவிட்டார்கள். சிலருக்கு அது சோம்பல். ஆனால் கடைக்கு வருபவர்களிடம் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் பயம்தான் காரணமாக இருக்கிறது. “ஊருக்குள்ள ஓடலாம் நானா, மெயின் றோட்டுக்குப் பிள்ளய விட ஏலாது” என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது நியாயமே. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை ஏறக்குறைய 25 கிலோமீற்றர். மேடு பள்ளம் இல்லாத தரை, சைக்கிளுக்கென்றே அமைந்த மாதிரி. ஆனால் ஊர்களை இணைப்பது கொழும்பு – மட்டக்களப்பு ஏ4 நெடுஞ்சாலை. தூர பஸ்ஸும் நெல் லொறியும் வேலைக்குப் போகும் மேசன்மாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே தாரில். நிந்தவூருக்கும் ஒலுவிலுக்கும் இடையில் வயல்வெளி வந்ததும் வாகனங்கள் வேகமெடுக்கும். இரவில் சைக்கிள்காரனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இது வர்த்தகர்களின் பிரச்சினையா என்று கேட்கலாம். காரில் வருபவர் நிறுத்த இடமில்லாவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சைக்கிளில் வருபவர் நினைத்த இடத்தில் இறங்குவார், கொஞ்சமாக வாங்குவார், நாளைக்கும் வருவார். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். சில்லறைக் கடைக்கு யார் லாபம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

தனிப் பாதை கேட்டு மனுப் போட்டால் பணமில்லை என்ற பதில்தான் வரும். கேட்க வேண்டியது சிறியது. தாரோடு சமமாக இறுகிய வீதியோரம், அதைப் பிரிக்கும் வெள்ளைக்கோடு, வயல் பகுதிக்கு விளக்கு. அதோடு ஏ4ஐத் தொடாமல் அடுத்த ஊருக்குப் போகும் உள்வீதிகளில் விட்டுப்போன துண்டுகளை இணைப்பது.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏ4 வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. உள்வீதிகளில் சில மாகாண வீதித் திணைக்களத்துக்கும் மற்றவை உள்ளூராட்சி சபைகளுக்கும் உரியவை. தவிசாளரிடம் ஏ4 பற்றி மனுக் கொடுத்துவிட்டு ஒரு வருடம் காத்திருப்பதில் பயனில்லை. வீதி திருத்தப்படப் போகிறது என்ற பேச்சு வந்தவுடனேயே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தைக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கார்ப்பெற் போட்ட பிறகு கோடு கேட்டால் எவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் என்ற இரு நகரங்களுக்கிடையே கைவிடப்பட்ட ரயில்பாதையை 1977இல் தொடங்கிய ஓர் உள்ளூர்க் குழு சைக்கிள் பாதையாக்கியது. சுமார் 21 கிலோமீற்றர். தொண்டர்களையும் வேலைக்கு இறக்கி, துண்டு துண்டாக, 1979 முதல் 1986 வரை கட்டினார்கள். நமது தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆனால் அதிகாரியிடம் போகுமுன் நமது கடைவாசலைப் பார்க்க வேண்டும். வாளியும் பாயும் சீமெந்து மூட்டையும் வீதியோரத்தில் இருந்தால் சைக்கிள்காரன் லொறிக்கு முன்னால்தான் இறங்க வேண்டும். நடைபாதையை நாமே பிடித்துக்கொண்டு மனுவில் கையெழுத்து வைத்தால் அதிகாரி சிரிப்பார். அதுவும், ஒவ்வோர் ஊரும் தனித்தனியாகப் போவதிலும் பலனில்லை. காரைதீவுத் தமிழ் வர்த்தகர்கள் இல்லாமல் இந்தப் பாதை நடுவில் அறுந்துபோகும். மனு ஒன்றாக இருக்கட்டும், கையெழுத்துகள் எல்லா ஊரிலிருந்தும் இருக்கட்டும்.

முதலில் கணக்கு வேண்டும். ஒரு வாரம், காலை 6.30 முதல் 8 மணி வரை, ஊருக்கு ஒருவர் எல்லையில் நின்று போகும் வரும் சைக்கிள்களை எண்ணினால் போதும். கொப்பியும் பேனையும் என் செலவு.