ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்: ஏலத்தில் மலிவு, இங்கே மும்மடங்கு, கடன் யார் பெயரில்?

ஜப்பானிய யென் இறங்கியது முதல், அங்கிருந்து வரும் பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிய பேச்சு நம் இளையோரிடையே சூடுபிடித்துள்ளது. 2016-இல் 100 யென்னுக்கு ஏறக்குறைய 4 ரிங்கிட் கொடுக்க வேண்டியிருந்தது. 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அது 3 ரிங்கிட்டுக்கும் கீழே போனது. ஏல விலையைக் கைப்பேசியில் ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்ப்பவருக்கு, "அங்கே இவ்வளவுதானா? நாமே இறக்கிவிடலாமே!" என்று தோன்றுவது இயல்பே.

கணக்கு பிசகுவது அங்கேதான். ஆனால், நம் குடும்பங்களைப் பொறுத்தவரை விலையைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கார் யார் பெயரில் வருகிறது, கடன் பத்திரத்தில் யார் கையொப்பமிடுகிறார் என்பதே அது.

முதலில் வரியைப் பார்ப்போம். இறக்குமதியாகும் முழுமையான காருக்கு வழக்கமான இறக்குமதி வரி 30 விழுக்காடு. அதற்கு மேல் கலால் வரி. அது இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது: 1,800 முதல் 2,000 சி.சி.க்குள் என்றால் 80 விழுக்காடு, 2,500 சி.சி.க்குக் குறைவாக இருந்தால் 90, அதைத் தாண்டினால் 105. கடைசியாக 10 விழுக்காடு விற்பனை வரி. இவை தனித்தனியாகக் கூட்டப்படுவதில்லை. ஒன்றின் மீது ஒன்று ஏறிக்கொள்கின்றன.

சுங்கத்துறை ஒரு மூன்று லிட்டர் காரை 100,000 ரிங்கிட் என மதிப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். இறக்குமதி வரி சேர்ந்ததும் 130,000. அந்தத் தொகையின் மீது 105 விழுக்காடு கலால் வரி, அதாவது 136,500 ரிங்கிட். இப்போது 266,500. அதன் மீது விற்பனை வரி 26,650. மொத்தம் 293,150 ரிங்கிட். கப்பல் கட்டணம், அனுமதிக் கட்டணம், விற்பனையாளரின் இலாபம் எதுவும் இன்னும் சேரவில்லை. ஏல ரசீதில் உள்ள தொகையைச் சுங்கத்துறை அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்ற உத்தரவாதமும் இல்லை. மதிப்பைக் கணிப்பது அதன் உரிமை.

ஜப்பானுடனான பொருளாதாரப் பங்காளித்துவ ஒப்பந்தம் 2006 முதல் நடப்பில் இருப்பதால், ஜப்பானியத் தயாரிப்பு என்று தக்க சான்றோடு நிரூபிக்கப்படும் கார்களுக்கு இறக்குமதி வரியில் சலுகை கிடைக்க வழியுண்டு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்றைய டொயோட்டா ஜி.ஆர். சுப்ரா, பி.எம்.டபிள்யூ. இயந்திரத்தோடு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாரிக்கப்பட்டது. எஃப்.கே.8 ரக ஹோண்டா சிவிக் டைப் ஆர், 2021-இல் மூடப்பட்ட இங்கிலாந்தின் சுவிண்டன் ஆலையில் உருவானது. கப்பலேறியது ஜப்பானில்தான், ஆனால் இரண்டும் ஜப்பானில் பிறந்தவை அல்ல. சலுகைக் கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இந்த வரிச்சுவர் எழுந்த காரணம் ஊரறிந்தது. 1985-இல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்த காலந்தொட்டு, உள்நாட்டுக் கார் தொழிலைக் காப்பது அரசாங்கக் கொள்கை. சுவரில் ஒரு கதவும் வைக்கப்பட்டது. அதுதான் ஏ.பி. எனப்படும் இறக்குமதி அனுமதி. பூமிபுத்ரா வணிகர்களை வாகனத் துறைக்குள் கொண்டுவரும் நோக்கில் 1970-ஆம் ஆண்டுகளில் தொடங்கிய ஏற்பாடு இது. பயன்படுத்திய கார்களைக் கொண்டுவரும் திறந்த ஏ.பி. இன்றும் அத்தகைய நிறுவனங்களுக்கே வழங்கப்படுகிறது.

2005-இல் ஏ.பி. பெற்றவர்களின் பட்டியல் வெளியானபோது நாடே கொந்தளித்தது. பெரும் எண்ணிக்கையிலான அனுமதிகள் ஒரு சிலரின் நிறுவனங்களுக்கே போயிருந்தன. அப்போது புரோட்டோன் ஆலோசகராக இருந்த முன்னாள் பிரதமர் மகாதீருக்கும் வாணிப அமைச்சர் ரஃபிடா அசிஸுக்கும் இடையே பகிரங்கமாகவே மோதல் வெடித்தது. 2009-இல் திருத்தப்பட்ட தேசிய வாகனக் கொள்கை, 2010 முதல் பயன்படுத்திய ஒவ்வொரு காருக்கும் ஏ.பி.க்கு 10,000 ரிங்கிட் கட்டணம் விதித்தது, திறந்த ஏ.பி. முறை 2015 இறுதியில் முடிவுக்கு வரும் என்றும் அறிவித்தது. அந்த நாள் வந்து போனது, ஏ.பி. போகவில்லை.

ஆகவே, சாதாரண ஆள் ஒருவர் ஜப்பான் ஏலத்தில் காரை வாங்கி நேராகத் தம் பெயரில் இறக்க முடியாது. வெளிநாட்டில் படித்து அல்லது வேலை செய்து, அங்கேயே காரைத் தம் பெயரில் வைத்திருந்து நாடு திரும்பும் மலேசியருக்கு நிபந்தனைகளோடு தனி அனுமதி உண்டு. மற்றவர்கள் ஏ.பி. வைத்திருக்கும் நிறுவனத்தின் வழியாகத்தான் வாங்க வேண்டும். நம்மவர்கள் பலர் இத்துறையில் தரகராகவும், விற்பனையாளராகவும், பட்டறைக்காரராகவும் இருக்கிறார்கள். அனுமதி ஒருவரிடம், கடை இன்னொருவரிடம், பேசி விற்பவர் மூன்றாமவர். பிரச்சினை என்று வரும்போது இந்த மூவரில் யாரைப் பிடிப்பது என்பதே வாங்கியவருக்குத் தெரிவதில்லை.

ரிகண்ட் வழியில் வரும் கார் ஐந்து வயதுக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது என்பது இன்னொரு வரம்பு. 2002 வரை தயாரான நிசான் ஸ்கைலைன் ஆர்34 போன்றவற்றை இந்த வழியில் இப்போது கொண்டுவர இயலாது. "கப்பலில் வந்துகொண்டிருக்கிறது, முன்பணம் கொடுங்கள்" என்று யாராவது அந்த ரகக் காருக்குப் பணம் கேட்டால், எந்த அனுமதியின் கீழ் வருகிறது என்று கேட்பது அவசியம். வரி செலுத்தாமல் உள்ளே வந்த காரையும், வேறொரு காரின் பதிவெண்ணைச் சுமந்து ஓடும் 'குளோன்' காரையும் சுங்கத்துறை எப்போது வேண்டுமானாலும் பறிமுதல் செய்யலாம். பணம் கொடுத்து வாங்கியவர் ஒன்றும் அறியாதவர் என்பதற்காகக் கார் திரும்பி வந்துவிடாது.

ஜப்பானில் கார்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கைமாறுகின்றன? அங்கே 'ஷாக்கென்' எனப்படும் கட்டாயச் சோதனை, புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டாண்டுக்கு ஒரு முறையும் வருகிறது. செலவு அதிகம் என்பதால் பலர் சோதனைக்கு முன்பே காரை விற்றுவிடுகிறார்கள். நம்மைப் போலவே அவர்களும் இடப்பக்கம் ஓட்டுவதால், வலப்பக்கச் சுக்கான் கொண்ட அந்தக் கார்கள் இங்கே அப்படியே பொருந்துகின்றன.

ஏலக்கூடம் ஒவ்வொரு காருக்கும் ஒரு மதிப்பீட்டுத் தாள் தருகிறது. 5, 4.5, 4, 3.5 என்று எண்களில் தரம் குறிக்கப்பட்டிருக்கும். 'ஆர்' அல்லது 'ஆர்.ஏ.' என்றிருந்தால், விபத்துக்குப் பின் பழுது பார்க்கப்பட்ட கார் என்று பொருள். காரின் படத்தின் மீது 'ஏ' என்பது கீறல், 'யூ' என்பது நெளிவு, 'டபிள்யூ' என்பது சரிசெய்த தகடு, 'டபுள் எக்ஸ்' என்பது மாற்றப்பட்ட பாகம். ஓடிய கிலோமீட்டரும் அதில் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவருக்கு இந்தத் தாள் உயிர்நாடி. குடும்பக் காரைப்போல் அது மெதுவாக ஓட்டப்பட்டிருக்காது. பந்தயத் திடலைச் சுற்றி வந்திருக்கலாம். கடைக்காரர் காட்டும் நகலை மட்டும் நம்பாமல், சட்டக எண்ணைக் கொண்டு மூலத் தாளைத் தேடித்தரும் சேவைகளைச் சிறு கட்டணத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். தாளைக் காட்டத் தயங்கும் கடையில் நின்றுகொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

அதே சட்டக எண்ணை வைத்து, தயாரிப்பு நிறுவனத்தின் ஜப்பானிய இணையத்தளத்தில் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்றும் பார்த்துவிட வேண்டும். அதிகாரப்பூர்வ முகவர் விற்காத கார் என்பதால், அறிவிப்புக் கடிதம் தானாக வீட்டுக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. தகாத்தா காற்றுப்பை வெடித்ததில் அமெரிக்காவுக்கு வெளியே முதல் மரணம் 2014-இல் நம் நாட்டில், சரவாக்கின் சிபுவில் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அது ரிகண்ட் கார் அல்ல. ஆயினும் இந்த எச்சரிக்கைகளை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே போதும்.

சின்னச் சின்னத் தொல்லைகளும் உண்டு. ஜப்பானிய வானொலி அலைவரிசை 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் 99.3-இல் ஒலிக்கும் ராகாவைக் கேட்க வேண்டுமென்றால் தனிக் கருவி பொருத்த வேண்டும், அல்லது பெட்டியையே மாற்ற வேண்டும். இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காரில் தமிழ்ப் பாட்டுக்கு வழியில்லை! சாலை வரி அவ்வளவு வேடிக்கையானதல்ல. 2,387 சி.சி. கொண்ட ஜி.ஆர்.86-க்குத் தீபகற்பத்தில் ஆண்டுக்கு 767 ரிங்கிட். 2,998 சி.சி. சுப்ராவுக்கு 2,125 ரிங்கிட்.

இனி, பெயர் விவகாரம்.

200,000 ரிங்கிட் விலையுள்ள காருக்கு 20,000 முன்பணம் போக, 180,000 கடன். ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி, ஒன்பது ஆண்டு தவணை என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் 56,700 ரிங்கிட். மாதத் தவணை ஏறக்குறைய 2,192 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கிடங்கிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் இளைஞருக்கு இந்தக் கடனை வங்கி தராது. மோட்டார்சைக்கிள் கடனிலோ கைப்பேசித் தவணையிலோ ஏற்கெனவே பெயர் கெட்டிருந்தால், பேங்க் நெகாராவின் கடன் பதிவிலேயே கதவு சாத்தப்படும்.

அப்போதுதான் வீட்டில் நிலையான சம்பளச் சீட்டு வைத்திருப்பவர் யார் என்று தேடப்படுகிறது. தோட்டத்தில் பால் மரம் வெட்டி அப்பா படிக்க வைத்த அக்கா இப்போது ஆசிரியர். அல்லது அரசு மருத்துவமனையில் தாதி. "பேருக்குத்தான் அக்கா, மாசா மாசம் நான் கட்டிடுவேன்" என்கிறான் தம்பி. பாசத்தில் கையொப்பம் விழுகிறது.

உத்தரவாதக் கையொப்பத்துக்கும் கடன்காரரின் கையொப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனக் கடனுக்கு இலாப நோக்கமின்றி உத்தரவாதம் அளித்தவர் 'சமூக உத்தரவாதி'. 2017-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அவரைத் திவாலானவராக அறிவிக்க முடியாது. ஆனால் அக்கா இங்கே உத்தரவாதி அல்ல. பத்திரத்தில் அவர்தான் கடன்காரர். அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது.

தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி வங்கி 21 நாள் அறிவிப்பு கொடுத்துக் காரை இழுத்துச் செல்லலாம். ஏலத்தில் போகும் விலை கடனை அடைக்காவிட்டால், மீதத்தை அக்காதான் கட்ட வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரை அவசரத்தில் வாங்க ஆள் குறைவு என்பதால் அந்த மீதம் சிறியதாக இருக்காது. நிலுவை 100,000 ரிங்கிட்டை எட்டினால் திவால் நடவடிக்கைக்கு வழி திறக்கிறது. அரசு ஊழியருக்கு இன்னொரு அடியும் உண்டு. 1993-ஆம் ஆண்டுப் பொதுச் சேவை ஒழுங்குமுறை விதிகளின்படி, கடுமையான கடன் சுமைக்கு ஆளாவதே ஒழுங்கு நடவடிக்கைக்குரியது.

இதைவிட மோசமானது 'சம்புங் பாயார்'. தவணை கட்ட முடியாதவர் காரை இன்னொருவரிடம் கொடுத்து, "நீங்கள் தொடர்ந்து கட்டுங்கள்" என்று கைகழுவும் ஏற்பாடு. கார் போவது யாரிடம் என்பதே சில நேரங்களில் தெரியாது. அது இரண்டு மூன்று கை மாறிவிடும். வங்கிக்குத் தெரியாமல் காரைக் கைமாற்றுவது வாடகைக் கொள்முதல் சட்டப்படி குற்றம். வேக வரம்பை மீறிய சம்மன்கள் பதிவிலுள்ள பெயருக்கே வரும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீடு வங்கிக்கும் பாலிசிதாரருக்கும்தான் போகும். மாதாமாதம் பணம் கட்டி ஓட்டியவருக்கு ஒரு காசும் சேராது. இரு தரப்புக்கும் ஆபத்தான இந்த வியாபாரம் சமூக ஊடகங்களில் பட்டப்பகலில் நடக்கிறது. இறக்குமதி அனுமதிக்கு இத்தனை கெடுபிடி காட்டும் அமலாக்கம், இங்கே கண்ணை மூடிக்கொண்டிருப்பதற்கு நியாயம் ஏதும் தென்படவில்லை.

வாங்கிய கடையில் ஏமாற்றப்பட்டதாகக் கருதுபவர், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மன்றம் விசாரிக்கும். காரின் முழு விலையைக் கேட்க அது போதாது. ஆனால், மறைக்கப்பட்ட பழுதால் கியர்பாக்ஸ் மாற்றிய செலவைக் கேட்கப் போதும். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் போக வேண்டும், அதாவது அக்கா. பிறகு தம்பிக்கு நல்ல வேலை கிடைத்து, காரைத் தன் பெயருக்கு மாற்ற அவனே முன்வந்தாலும், கடன் முழுதும் அடைபட்டு வங்கி தன் உரிமைக் கோரிக்கையை விடுவிக்கும்வரை ஜே.பி.ஜே. முகப்பில் அந்தப் பெயர் மாறாது.