நாமும் வந்தவர்கள்தாம்!

மூணாறு மலையில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் ஒரு பந்தாட்டக் குழு உண்டு. அந்தக் குழுக்கள் மோதும் பின்லே ஷீல்டு போட்டி வெள்ளைக்காரக் கம்பெனிக் காலத்தில் தொடங்கியது. கம்பெனியின் பெயரே கோப்பைக்கும் பெயர். 1983இல் டாட்டா டீ என்றார்கள்; 2005இல் புதுக் கம்பெனி வந்து தொழிலாளரும் பங்குதாரர் ஆனார்கள். கோப்பையின் பெயர் மட்டும் மாறவில்லை. ஆடுகிறவர்களும் மாறவில்லை. காலையில் மஸ்டருக்கு நின்று, மருந்தடித்து, கொழுந்து மூட்டை சுமந்து, மாலையில் பந்தைத் தொடுகிற நம் தொழிலாளப் பிள்ளைகள்தாம் அவர்கள்.

அரசியல் ஏட்டில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். வேலை இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஓர் எஸ்டேட்டில் மாலைப் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட வந்தவர்கள் ஒன்பதே பேர். மைதானத்து ஓரத்தில் நான்கு வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்து அதே டிவிஷனில் வேலை செய்பவர்கள். “இவர்களைச் சேர்த்துக்கொண்டால் என்ன?” என்று கேட்டேன். “அது வடக்கன் கூட்டம், அண்ணே. இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் போவான். இது நம்ம டீம்” என்றான் ஒரு தம்பி. கெட்ட பையன் அல்லன். சங்கத்துக் கொடி பிடித்து ஊர்வலம் போனவன். அதனால்தான் அந்தச் சொல் என்னை உறுத்தியது.

ஒன்பது பேர்தானே வந்தார்கள், மற்றவர்கள் எங்கே? பணி ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அப்பாவும் அம்மாவும் ஓய்வு பெற்றதும் குடும்பமே மலையை விட்டு இறங்குகிறது. படித்த பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போய்விட்டார்கள். போனவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் விட்டுப்போன இடத்தில் கொழுந்தெடுக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் வந்திருக்கிறது. தோட்டத்தில் நமக்குப் பக்கத்து நிரையில் நிற்கிறவன், மைதானத்தில் மட்டும் ஏன் ஓரத்தில் நிற்க வேண்டும்?

நம் பாட்டன் பாட்டி எப்படி இங்கே வந்தார்கள்? மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கங்காணி கொடுத்த முன்பணத்துக்காக மலையேறினார்கள். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. அதன்பின் நாம் பிறந்த மண்ணிலேயே “பாண்டி” என்று பெயர் வாங்கினோம். பம்பாயில் 1960களின் இறுதியில் லுங்கி கட்டியவனை விரட்டு என்று கூச்சலிட்டார்கள். 1991இல் காவிரியின் பெயரால் பெங்களூரில் தமிழர் குடிசைகள் எரிந்தன. இவ்வேட்டைப் படிக்கும் குடும்பங்களில் இவற்றில் ஏதாவது ஒன்றைக் கண்ணால் கண்டவர்கள் இருப்பார்கள். “வந்தவன்” என்ற சொல்லின் கசப்பு நமக்குத் தெரியாததா? அதை இன்னொருவன் வாயில் நாமே ஊட்டலாமா?

கேரள அரசு அவர்களை “அதிதி தொழிலாளி” என்கிறது. மரியாதையான பெயர்தான். ஆனால் விருந்தாளி என்றால் என்ன பொருள்? சாப்பிட்டு முடித்ததும் புறப்பட வேண்டியவன். உழைக்கிறவனுக்கு விருந்தாளிப் பெயர் வேண்டாம். பங்காளி என்ற இடம் வேண்டும்.

எதிர்ப்பேச்சு ஒன்று உண்டு. அதை மறைத்துப் பேசுவது முறையல்ல. “நம் கோரிக்கையை முறிக்கத்தானே இவர்களைக் கொண்டுவருகிறார்கள்? குறைந்த வசதிக்கு, முணுமுணுக்காமல் வேலை செய்கிறார்களே!” என்கிறார்கள் நம் மூத்த தொழிலாளர்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் அதற்கு மருந்து என்ன? புதிதாக வந்தவனுக்கு நம் பாஷை தெரியாது, சங்கம் தெரியாது, சட்டம் தெரியாது. நாமும் அவனோடு பேசாவிட்டால் அவனிடம் பேசுகிறவர் யார்? சூப்பர்வைசரும் ஆள் பிடிக்கும் ஏஜெண்டும்தான். நாம் ஒதுக்கி வைப்பவனைத்தான் நமக்கு எதிராகப் பயன்படுத்த முடியும்.

2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 20 சதவீத போனஸ் கேட்டு நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். எந்த எஸ்டேட், எந்தக் கொடி, எந்தச் சாதி என்று பார்க்கவில்லை. பெரிய சங்கங்களின் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொன்னார்கள், வென்றார்கள். நாளை அப்படி ஒரு நாள் வந்தால், பக்கத்து நிரையில் இருக்கும் ஜார்க்கண்டுப் பெண்ணும் வந்து உட்காருவாளா, அல்லது கூடையோடு காட்டுக்குள் போவாளா? அதற்கான பதில் போராட்ட நாளில் பிறக்காது. அதற்கு முன்னால் பழகிய மாலைகளில்தான் பிறக்கும். அப்படிப் பழக மைதானத்தைவிட எளிய இடம் ஏது? பாஸ் கொடுக்க பாஷை வேண்டியதில்லை.

இன்னொன்று. சோட்டா நாகபுரி ஆதிவாசிகளை அசாம் தோட்டங்களுக்குக் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றிச் சென்றது நூறாண்டுக்கும் முந்திய கதை. தேயிலையில் அவர்கள் நமக்கு இளையவர்கள் அல்லர். பந்திலும் அல்லர். அவர்கள் கிராமங்களில் வென்ற குழுவுக்கு ஆட்டுக்கடா பரிசாகக் கொடுக்கும் போட்டிகள் நடக்கின்றன, ஊரே திரளுமாம். மலப்புறத்தில் செவன்ஸ் ஆட்டத்துக்கு நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் காசு கொடுத்து ஆட்டக்காரரை வரவழைத்துத் தோளில் தூக்குகிறார்கள். நம் மைதானத்திலோ, காசு கேட்காமல் ஆட வந்தவன் ஓரத்தில் காத்திருக்கிறான்!

ஆகவே எஸ்டேட் குழுத் தோழர்களுக்குச் சில வேண்டுகோள்கள். குழுவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். டிவிஷனில் குடியிருக்கும் ஆடக்கூடிய எல்லோரின் பெயரும், எந்த ஊர்க்காரராயினும், அதில் ஏறட்டும். ஓய்வு பெற்றவர் பிள்ளைகளையும் மறக்காதீர்கள். குழுத் தேர்வு மைதானத்தில், எல்லோர் முன்னிலையிலும் நடக்கட்டும். பந்துக்கும் பூட்ஸுக்கும் மாதம் ஒரு சிறு தொகை எல்லோரும் போடுவோம். போட்டவனுக்கு உரிமை வரும். பெண்பிள்ளைகள் ஆட வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்குங்கள். வீதியில் உட்கார்ந்து வென்ற தாய்மாரின் பிள்ளைகள் அவர்கள். ஷீல்டு ஆட்டத்தின் விதியைக் கம்பெனி வகுக்கட்டும். மாலைப் பந்தின் விதி நம் கையில்தான் இருக்கிறது.

கோப்பையில் யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். குழு நம்முடையது என்று சொல்வதும் சரிதான். ஆனால் “நாம்” என்பது யார் என்பதை முதலில் தீர்மானிப்போம். ஒன்பது பேரோடு எந்த ஆட்டமும் வெல்ல முடியாது. எந்தப் போராட்டமும் வெல்ல முடியாது. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நால்வரையும் இன்று மாலையே அழையுங்கள், தோழர்களே!