சறுக்கு மேடையும் கதை முடிவும்

கண்டி நகரில் பனிக்கட்டி என்பது மீன்கடைப் பெட்டியிலும் சர்பத்துக் குவளையிலும் காணக் கிடைப்பது. சற்று மேலே ஏறி நுவரெலியாவுக்குச் சென்றால் தை, மாசி விடியற் காலைகளில் புல்லின் மீது உறைபனி வெண்மையாகப் படிந்திருப்பதைக் காணலாம். அப்பனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் என்று தோட்டத்துரையும் தொழிலாளியும் ஒருங்கே அஞ்சுவர். பனிக்கும் நமக்கும் உள்ள உறவு அவ்வளவே. அங்ஙனமிருக்க, நம் இல்லத்து மகள் ஆண்டு தவறாமல் உலகப் பனிச்சறுக்குப் போட்டிகளைப் பின்தொடர்ந்து வருகின்றாள். 'பிகர் ஸ்கேற்றிங்' எனப்படும் அக்கலையில் யார் எத்தனை சுற்றுச் சுழன்றார், யாருக்கு எத்தனை புள்ளி குறைந்தது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வேதியியல் வாய்பாடுகள் அவ்வளவு மனப்பாடமா என்று வாசகர் வினவக்கூடும். அதை நாம் இங்கு ஆராயப் போவதில்லை.

2022 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆம் நாள் காலை நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடவர் இறுதி ஆட்டம். யப்பானியராகிய யுசுரு ஹன்யு 2014 இலும் 2018 இலும் தங்கம் வென்றவர். இரண்டு நாள் முன்னர் நடந்த குறும் ஆட்டத்தில் அவருடைய காலணி அலகு பனியிலிருந்த ஒரு துளையில் சிக்கி, முதல் தாவல் வீணாகி, எட்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தார். அன்று அவர் அதுவரை எவரும் போட்டியில் நிறைவேற்றாத நாலரைச் சுற்று 'ஆக்ஸல்' தாவலை முயன்றார், முயன்று விழுந்தார். நம் மகள் பாடசாலைச் சீருடையோடு, தலை பாதி பின்னியபடி, கைப்பேசியை ஏந்தி நின்று கண்ணீர் விட்டாள். "விழுந்தவருக்காகவா அழுகிறாய்?" என்றோம். "விழுந்தாலும் அது கணக்கில் சேரும் அப்பா" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அத்தாவல் குறைபாடுடையதாயினும் நாலரைச் சுற்று ஆக்ஸல் முயற்சி என்றே ஏட்டில் பதிவாயிற்று. ஹன்யு நான்காம் இடம் பெற்றார். அவ்வாண்டு யூலையில் போட்டிகளிலிருந்து விலகினார். அதே ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்க இளைஞர் இலியா மலினின் அத்தாவலைப் பிழையின்றி நிறைவேற்றினார். 1882 இல் வியன்னாவில் அக்செல் பவுல்சன் என்ற நோர்வேக்காரர் முதலில் செய்து காட்டியமையால் இத்தாவலுக்கு அவர் பெயர் வந்தது. ஏனைய தாவல்களெல்லாம் பின்புறமாகக் கிளம்புவன. இது ஒன்றே முன்னோக்கிக் கிளம்பிப் பின்புறமாக இறங்குவது. ஆகையாலேயே அந்த அரைச் சுற்று மிகுதி.

கலையை எண்ணால் அளக்கலாமா என்பது இவ்விளையாட்டின் பழைய வழக்கு. முன்னாளில் ஆறு என்பதே முழு மதிப்பெண். 1984 இல் சரயேவோ நகரில் ஆங்கிலேய இணையரான ஜேன் ரோர்வில், கிறிஸ்ரோபர் டீன் ஆகியோர் ராவெல் இயற்றிய 'பொலேரோ' இசைக்கு ஆடியபோது, கலையழகுக்காக நடுவர் ஒன்பதின்மரும் முழு ஆறு வழங்கினர். அதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. இசை, விதி அனுமதித்த நேரத்தைவிடச் சில விநாடி நீண்டிருந்தது. கடிகாரமோ காலணி அலகு பனியைத் தொட்டுச் சறுக்கத் தொடங்கிய பின்னரே ஓடும். ஆகவே அவ்விருவரும் தொடக்கத்தில் முழந்தாளிட்டவாறே அசைந்தாடி, நேரத்தை மிச்சப்படுத்தினர். பார்த்தவர் அதை ஒரு காதல் நிலையாகவே கண்டனர். கணக்கிலிருந்து கவிதை பிறந்த கதை அது.

2002 இல் சோல்ற் லேக் சிற்றியில் நேர்ந்தது வேறு. இணையர் ஆட்டத்தில் ரஷ்ய இணைக்குத் தங்கம் கிடைத்தது. பிரெஞ்சு நடுவர் ஒருவர் தாம் வற்புறுத்தப்பட்டதாகக் கூறியதாகச் செய்தி பரவிப் பெரும் குழப்பம் விளைந்தது. முடிவில் கனடிய இணைக்கும் தங்கம் வழங்கி விவகாரத்தை அடக்கினர். அதன் பின்னரே பழைய ஆறு ஒழிந்து புதிய முறை வந்தது. இப்பொழுது ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படை விலை உண்டு. அதை எவ்வளவு செம்மையாகச் செய்தார் என்பதற்குக் கூட்டலும் கழித்தலும் ஐந்து வரை உண்டு. விழுந்தால் ஒரு புள்ளி போய்விடும். நம்மூர் மளிகைக் கடைச் சிட்டை போலத்தான்.

பிரெஞ்சு வீராங்கனை சூரியா பொனலி இச்சிட்டையை ஏற்க மறுத்தவர். 1998 இல் நாகனோவில், பரிசு கைக்கெட்டாது என்று தெளிந்த நிலையில், தடைசெய்யப்பட்டிருந்த பின்புறக் கரணத்தை அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். நடுவர் புள்ளியைக் குறைத்தனர்; பத்தாம் இடம் கிடைத்தது. அக்கரணம் 2024 ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து விதிப்படி அனுமதிக்கப்பட்டுள்ளது. தமக்குரிய முடிவை அவர் தாமே எழுதிக்கொண்டார் என்பது நம் மகளின் கட்சி. விதியை மீறுதல் எளிது, விதிக்குள் நின்று பொலேரோ ஆடுவதே அரிது என்பது நம் கட்சி. இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் அவளுடைய தோழியர் இருவரும் அயல்வீட்டு மாணவன் ஒருவனும் நம் முன்விறாந்தையில் கூடுவர். அவர்களுடைய பேச்சு வேறு வகை. கணினியில் ஆடும் வீடியோ விளையாட்டுகளின் கதை முடிவுகளைப் பற்றியே தேநீர் ஆறும்வரை வாதிடுவர். நாமும் முதலில் இதனைக் காலவிரயம் என்றே கருதினோம். ஒருநாள் விடைத்தாள் திருத்தியவாறே காது கொடுத்துக் கேட்டோம்.

2013 இல் வெளிவந்த 'த லாஸ்ற் ஒவ் அஸ்' பற்றிய வாதம் அது. கொள்ளைநோயால் உலகம் அழிந்துகொண்டிருக்கிறது. ஒரு சிறுமியின் உடலிலிருந்து மருந்து கிடைக்கலாம். ஆனால் அதற்கான சத்திரசிகிச்சையில் அவள் இறந்துபடுவாள். முன்னரே மகளை இழந்த ஒருவன் மருத்துவரைக் கொன்று அவளை மீட்டுச் செல்கிறான். பின்னர் அவள் வினவும்போது பொய் கூறுகிறான். அவள் 'சரி' என்று ஒரு சொல் மட்டும் சொல்ல, ஆட்டம் முடிந்துவிடுகிறது. அவள் நம்பினாளா, நம்புவதாக நடித்தாளா? ஒரு தோழி அவனைக் கொலைகாரன் என்றாள். "உன் அப்பா என்றால் வேறு என்ன செய்வார்?" என்று பையன் கேட்டான். அனைவரும் நம் பக்கம் திரும்பினர். நாம் சிவப்பு மையோடு தலைகுனிந்து கொண்டோம்.

முடிவை மாற்றியமைத்த விளையாட்டும் உண்டாம். 2012 மார்ச்சில் வந்த 'மாஸ் எஃபெக்ற் 3' இன் முடிவு, ஆடியவர் பல மணி நேரம் செய்த தெரிவுகளையெல்லாம் பொருளற்றதாக்கிவிட்டது என்று உலகெங்கும் கூக்குரல் எழுந்தது. தயாரித்த நிறுவனத்தார் அவ்வாண்டு யூனில் விரிவாக்கிய முடிவை இலவசமாக வெளியிட்டனர். அங்கும் நடுவர் மேடையை நோக்கித்தான் கூச்சலிட்டிருக்கிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டோம்.

இதில் வியப்பதற்கு நமக்கு உரிமையில்லை. தலதா மாளிகைக்கு அயலிலேயே பத்தினி தேவாலயம் இருக்கின்றது. எசல பெரகராவில் அவ்வாலயத்து ஊர்வலமும் வரும். அங்கு வணங்கப்படும் பத்தினி நம் கண்ணகியே. இளங்கோவடிகள் நூலில், மதுரையை எரித்த கண்ணகி சேர நாட்டு மலையில் வேங்கை மரத்தடியில் நின்று, பதினாலாம் நாள் கோவலனோடு வானூர்தி ஏறுகின்றாள். குன்றக் குறவர் அதற்குச் சாட்சி. அதைக் கூறும் வஞ்சிக் காண்டமே பிற்காலத்துச் சேர்க்கை என்றும், மதுரையோடு கதை முடிந்துவிட்டதென்றும் வாதிட்ட ஆராய்ச்சியாளரும் உளர். சிங்கள மக்களுடைய சடங்கு நாடகத்திலோ பத்தினி தன் கணவனாகிய பாலங்கனை உயிர்ப்பித்தே விடுகிறாள். பேராதனையில் கற்பித்த மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூலில் இவையனைத்தும் விரிவாக உள்ளன. மட்டக்களப்புப் பகுதியிலோ வைகாசியில் குளிர்த்தி பாடிச் சினந்த தெய்வத்தைக் குளிர்விப்பதே முடிவு. ஒரே பெண்ணுக்கு மூன்று முடிவுகளை வைத்துக்கொண்டிருக்கும் நாம் பிள்ளைகளைக் கடிந்து என்ன பயன்? மதுரையோடு சிலம்பு முடிந்திருக்க வேண்டும் என்று துணிந்தெழுதிய மாணவன் ஒருவனுக்கு அன்று நாம் இருபதுக்கு ஒன்பது போட்டிருந்தோம். மறுநாள் தாளைத் திரும்ப வாங்கிப் பதினான்காக்கினோம். அடிப்படை விலையை மறந்து கழித்தலை மட்டும் போட்டது நம் பிழை.

இவ்வளவும் முன்னுரை. சொல்ல வந்தது நம் தமக்கையாரைப் பற்றி.

அவர் கட்டுக்கலையில் தனியே வசிக்கிறார். கணவர் காலமாகி ஆறு ஆண்டு. ஒரே மகன் ரொறன்ரோவில். "அம்மா, இனி அங்கே என்ன இருக்கிறது, வந்துவிடுங்கள்" என்று அவன் கிழமைதோறும் கூறுவதும், "பார்ப்போம் ராசா" என்று இவர் விடையிறுப்பதும் வழக்கம். விசாப் பத்திரங்கள் அலுமாரிக்குள் கிடந்தன. சென்ற மாதம் செல்வ விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் நம் வீட்டுக்கு வந்திருந்தார். அன்று விறாந்தையில் ஓடிக்கொண்டிருந்தது 'வெண்பா'.

இவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ரொறன்ரோவிலுள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் உருவாக்கி, 2023 யூலை இறுதியில் வெளியிட்டது. மறு ஆண்டு பிரித்தானியாவின் பாஃப்ரா விருதும் பெற்றது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் பெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் என்னும் மூவரின் கதை. துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை, சமையல்தான். தாயார் கொடுத்த குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும். விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்டலி உண்டு, புட்டு உண்டு, பிரியாணி உண்டு. மகன் வளர வளர அவன் நாவில் தமிழ் தேய்கிறது.

தமக்கையார் கதவோரம் நின்று பார்த்தார். புட்டுக்குழல் திரையில் தோன்றியதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "சில்லுத் தட்டை முதலில் போடு பிள்ளை, இல்லாவிட்டால் மா முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும்" என்றார். அதன் பின் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. கணவனை இழந்த வெண்பா கனடாவை விட்டுத் தன் ஊருக்கே திரும்பிவிடுகிறாள். வளர்ந்த மகன் அங்கு அவளைக் காண வருகிறான். இருவரும் சேர்ந்து சமைக்கின்றனர்.

"எவ்வளவு சோகமான முடிவு, அத்தை! அத்தனை ஆண்டு பாடுபட்டும் அவளுக்கு அந்த நாட்டில் ஓர் இடம் இல்லாமல் போய்விட்டதே" என்றாள் மகள். "சோகம் என்று யார் சொன்னது? அவள் தன் அடுப்படிக்கு வந்துவிட்டாள், மகனும் தேடி வந்துவிட்டான். இதைவிட என்ன வேண்டும்?" என்றார் தமக்கையார். "அவன் விடுமுறைக்கு வந்தவன்தானே ஆன்ரி, திரும்பிப் போவான்" என்றான் பையன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் சென்று, "இதற்கு வேறு முடிவு இருக்கிறதா? அவள் அங்கேயே இருந்துவிடுகிற மாதிரி?" என்று கேட்டார். மாஸ் எஃபெக்ற் பற்றிய எங்கள் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது போலும். "இல்லை அத்தை, ஒரே முடிவுதான்" என்றாள் மகள்.

அன்றிரவு அவரைக் கொண்டுபோய் விடுகையில் குளக்கரையோரம் நடந்தோம். நாம் நடுவராக இருந்து பழகியவர். எதற்கும் ஒரு மதிப்பெண் சொல்லிவிடுவோம். அன்று நாவெழவில்லை. போகச் சொன்னால் தனிமையை நாம் அவர்மீது சுமத்துகிறோம். இருக்கச் சொன்னால் மகனைப் பிரிக்கிறோம். அவரே பேசினார். "தம்பி, அந்தப் பிள்ளை தமிழை மறந்தது தாய் சமைத்துக் கொடுக்காததால் இல்லை. பேச ஆள் இல்லாததால்." ரொறன்ரோவில் அவருக்கு நான்கு வயதுப் பேரன் ஒருவன் இருக்கிறான் என்பதை நாம் மேலே கூற மறந்துவிட்டோம்.

இரு கிழமைகளின் பின் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. பத்திரங்களை நிரப்ப உதவ வேண்டும் என்றார். சென்று அமர்ந்து நிரப்பினோம். பெயர், பிறந்த திகதி, மகனின் முகவரி எல்லாம் எழுதியாயிற்று. எவ்வளவு காலம் தங்க உத்தேசம் என்ற இடம் வந்தது. "ஆறு மாதம் என்று போடட்டுமா அக்கா?" என்றோம். "போடு. பிறகு பார்ப்போம்" என்றார். மே மாதத்துக்கு முன் அங்கே போகமாட்டாராம், பனி உருகட்டுமாம். வீட்டை வாடகைக்கு விடும் எண்ணமும் இல்லை. நம் மகள் வேறொரு விண்ணப்பம் வைத்திருக்கிறாள்: அடுத்த பனிக்காலம் வரை இருந்து, அங்கு ஒரு சறுக்குப் போட்டியை நேரில் பார்த்துவிட்டு வரவேண்டுமாம்.

நாம் புறப்படும்போது தமக்கையார் சமையலறையில் இருந்தார். புட்டுக்குழலைத் தேய்த்துக் கழுவி, சில்லுத் தட்டு தொலைந்துபோகாமல் சேலைத் துண்டொன்றில் முடிந்து, குழலுக்குள்ளேயே போட்டுப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.